கரடுமுரடான பேஸ் கிற்றார்: எண்ணெயா, லாக்கரா, கார் பெயின்டா?

கொழும்பில் ஒருவர் கையால் செய்த பேஸ் கிற்றார் வைத்திருக்கிறார் என்றால், அதன் மரவேலை மொறட்டுவைப் பக்கத் தச்சுப்பட்டறை ஒன்றில் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். படத்தைக் காட்டி, அளவைக் கொடுத்து, கட்டிலும் அலுமாரியும் செய்கிற தச்சு பாஸிடம் வெட்டுவித்ததாக இருக்கும். நேராக அறுப்பதிலும் இறுக்கமாகப் பொருத்துவதிலும் அந்தக் கைகளைக் குறை சொல்ல முடியாது. பூச்சு என்று வந்தால் மட்டும் "சீலர் அடிச்சுத் தரவா?" என்ற ஒரே கேள்விதான். வேண்டாம், வெறும் மரமாகவே தாருங்கள் என்று வாங்கி வருபவருக்கு அப்புறம்தான் தலையிடி. கிற்றார் உடம்பெல்லாம் மர அரத்தின் கீறல், மரத்தைக் குடையும் ரவுட்டர் மெஷின் சுட்ட கறுப்பு, பசைத் திட்டு. யாரிடமாவது கேட்டால் ஒருவர் டங் எண்ணெய் என்பார், இன்னொருவர் கார் கிளியர் அடி என்பார், வீட்டில் அம்மா தேங்காய் எண்ணெயைத் தூக்கித் தருவார்.

என் மருமகனின் பேஸை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். இரண்டு பலாப் பலகைகளை நடுவில் ஒட்டிச் செய்த உடல், மகோகனி நெக் (கழுத்து), அதன்மேல் விரல் அழுத்தும் பலகையாகப் பழைய கட்டில் சட்டத்திலிருந்து அறுத்தெடுத்த கருங்காலி ஃபிங்கர்போர்ட். ஞாயிறு காலை கொட்டாஞ்சேனையில் தேவாலயப் பாடகர் குழு. சனி இரவு கல்யாண மண்டபங்களில் பைலா ஆட்டப் பாட்டு. ஒரு நாள் புழுக்கமும் வியர்வையும், மறுநாள் ஏசிக் குளிர். மரத்துக்கு இது லேசான வாழ்க்கையில்லை.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். உடலுக்கு எண்ணெயும் வார்னிஷும் கலந்து துணியால் துடைத்துப் பூசும் பூச்சு. நெக்குக்கு அதைவிடக் கெட்டியான படலம். ஃபிங்கர்போர்டுக்கு ஏறத்தாழ ஒன்றும் தேவையில்லை. ஒரு கிற்றாருக்கு ஒரே பூச்சுத்தான் என்று நினைப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. இந்த மூன்று பகுதிகளும் மூன்று விதமான வேலை செய்கின்றன.

தேய்ப்பதில் தொடங்குவோம்

எந்தப் பூச்சு என்பதை முதலில் தீர்மானித்துவிட்டுத்தான் சாண்ட் பேப்பரைக் கையில் எடுக்க வேண்டும். பெயின்ட் எல்லாவற்றையும் மூடிவிடும். லாக்கருக்கு முன் அடிக்கும் சீலர் சிறு கீறல்களை நிரப்பிவிடும். எண்ணெய் எதையும் மறைக்காது. குறுக்கே ஓடும் ஒவ்வொரு கீறலிலும் போய் நின்று அதைக் கறுப்பாக்கிக் காட்டும். ஆகவே எண்ணெய் என்றால் தேய்ப்பு வேலை இரட்டிப்பு. அதற்குப் பொறுமை இல்லை என்றால் இப்போதே லாக்கர் பகுதிக்குப் போய்விடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

தேய்க்க மூன்று வழி. வட்டமாக அதிரும் மின்சாரச் சாண்டர், கட்டை சுற்றிய தாளால் கைத் தேய்ப்பு, சுரண்டுதல். சாண்டர் வேகமானது, ஆனால் சுருள் சுருளாகச் சின்ன வட்டக் கீறல்களை விட்டுச் செல்லும். வெறும் மரத்தில் அவை கண்ணுக்குத் தெரியாது, எண்ணெய் பட்டதும் எழுந்து வரும். பெல்ட் சாண்டரைக் கிட்டவும் எடுக்காதீர்கள். ஒரு நொடி சரிந்தாலும் உடலில் பள்ளம் விழும். கைத் தேய்ப்பு மெதுவானது, ஆனால் நார் ஓட்டத்தின் வழியே தேய்க்கலாம். சுரண்டுவதைப் பலரும் மறந்துவிட்டார்கள். நம் தச்சர்கள் உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் சுரண்டி மினுக்கியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மர அரத்தின் ஆழமான கீறலை அது தாளைவிட வேகமாக எடுக்கும், தூசியும் பறக்காது. கண்ணாடிக்குப் பதில் மெல்லிய உருக்குத் தகட்டுச் சுரண்டியைப் பாவித்தால் விரலும் தப்பும்.

என் தெரிவு இந்த மூன்றும் கலந்தது. முன்னும் பின்னும் உள்ள தட்டை முகங்களை 80, 120 வரை சாண்டரால் (இவை தாளின் சொரசொரப்பு எண்கள்; எண் கூடக் கூடத் தாள் மென்மை). கொம்பு வளைவுகளையும் இடுப்பு வளைவையும் சுரண்டியால். 180இலிருந்து எல்லாவற்றையும் கையால். ஒவ்வொரு தாளுக்கும் முன் பென்சிலால் மேற்பரப்பு முழுக்கக் கிறுக்குங்கள். கிறுக்கல் அழிந்த இடம் தேய்ந்த இடம், மிஞ்சிய இடம் பள்ளம். இரவில் விளக்கை அணைத்து, கைபேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பகலில் காணாத கீறலெல்லாம் தெரியும்.

80ஐ முடிக்காமல் 120க்குப் போவதுதான் பெரும்பாலும் கெடுக்கிறது. 80இன் தாள் விட்ட கீறலை 220 எடுக்காது, அதைச் சுற்றிலும் மினுக்கி விடும், அவ்வளவுதான். 220 வந்ததும் ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்துக் காயவிடுங்கள். நார்கள் மயிர் போல் எழுந்து நிற்கும். அவற்றை அதே 220ஆல் மெல்லத் தட்டிவிட்டால் போதும். அதற்கு மேல் உடலைத் தேய்க்க வேண்டாம். 600, 800 என்று கண்ணாடி போலாக்கினால் மரத்தின் வாய் அடைபட்டு எண்ணெய் உள்ளே இறங்காது. விதிவிலக்கு வெட்டுமுகங்கள், அதாவது பலகையின் நார் நேராக வெளியே தெரியும் அடிப்பக்கமும் கொம்பு நுனிகளும். அவை எண்ணெயைப் பஞ்சு போல் உறிஞ்சிக் கறுத்துவிடும். அந்த இடங்களை மட்டும் 320 அல்லது 400 வரை கொண்டுபோனால் நிறம் மற்ற இடங்களோடு ஓரளவு ஒத்துப்போகும்.

வடிவத்தை மாற்றுவதா என்பதும் இந்தக் கட்டத்தில்தான் முடிவாக வேண்டும். லியோ ஃபென்டர் 1951இல் வெளியிட்ட ப்ரிசிஷன் பேஸ் தட்டைப் பலகையாகத்தான் இருந்தது. 1954இல்தான் முழங்கை படும் விளிம்பையும் வயிற்றுப் பக்கத்தையும் சரித்தார்கள். பட்டறையிலிருந்து வரும் உடல் பெரும்பாலும் அந்த 1951 நிலையில், கூரான விளிம்போடு இருக்கும். இரண்டு மணிநேரம் நின்று வாசிப்பவருக்கு அந்த விளிம்பு முழங்கையை அறுக்கும். பூச்சு போட்டபின் அதைச் சரிக்க முடியாது. மர அரத்தால் இப்போதே சரித்துவிடுங்கள். நெக் பொருந்தும் குழியையும் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் உட்காரும் இடத்தையும் மட்டும் தொட வேண்டாம். அங்கே அரை மில்லிமீற்றர் போனாலும் கம்பியின் உயரமும் நெக்கின் சாய்வும் மாறிவிடும். அந்தக் குழிக்குள் எண்ணெயும் வேண்டாம், டேப் ஒட்டி மூடிவிடுங்கள்.

பசைத் திட்டு தனிப் பிரச்சினை. வெள்ளைப் பசை காய்ந்தபின் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அந்த இடத்தில் எண்ணெய் இறங்காமல் வெளிறிய திட்டாக நிற்கும். முதல் எண்ணெய்க்கு முன் டேர்பன்டைன் தொட்ட துணியால் முழுவதையும் ஒரு முறை துடைத்துப் பாருங்கள். சில நிமிடங்களுக்கு மரம் எண்ணெய் பூசிய மாதிரி இருக்கும். பசை உள்ள இடமும் மிஞ்சிய கீறலும் உடனே பிடிபடும். அது ஆவியாகிவிடும், மரத்துக்கு ஒன்றும் ஆகாது.

முகமூடி கட்டாயம். மரத்தூசியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. கிற்றாரின் உடலிலோ அலங்காரத் துண்டிலோ முதிரை மரம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்; முதிரைத் தூசி தோலில் சொறியும் கொப்புளமும் கொண்டுவரும் என்பது பழைய தச்சர்களுக்குத் தெரிந்த விஷயம். வெள்ளவத்தை மாடி வீட்டுக்காரர்கள் பால்கனியில் தேய்ப்பதற்கு முன் கீழ் வீட்டுத் துணிக்கொடியையும் ஒரு தடவை எட்டிப் பார்ப்பது நல்லது.

எல்லா எண்ணெயும் காயாது

எண்ணெய்ப் பூச்சு என்றால் மரத்துக்குள் இறங்கி, காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து, பசையாகி, பிறகு திடமாக வேண்டும். எந்த எண்ணெய் அப்படித் திடமாகும் என்பதை அயோடின் எண் என்ற அளவு ஓரளவு சொல்லிவிடும். ஏறத்தாழ 130க்கு மேல் இருந்தால் காயும் எண்ணெய். ஆளிவிதை எண்ணெய்க்கு இது 170க்கு மேல். டங் எண்ணெய்க்கு 160க்கு மேல். நல்லெண்ணெய் 110 அளவில் நிற்கிறது. தேங்காய் எண்ணெய் பத்தைச் சுற்றியே இருக்கிறது. அதாவது அம்மா தந்த போத்தல் எத்தனை வருடம் போனாலும் மரத்தில் காயாது. ஈரமாகவே இருந்து தூசி பிடிக்கும், நாளாவட்டத்தில் காறல் மணம் அடிக்கும். நல்லெண்ணெயும் இதற்கு ஆகாது. இரண்டையும் சமையலறையிலேயே விட்டுவிடலாம்.

ஆளிவிதை எண்ணெய் நம் ஊரில் பழகிய பொருள். கிரிக்கெட் மட்டைக்குப் பூசிய எல்லோருக்கும் அந்த மணம் தெரியும். ஆனால் விளையாட்டுக் கடையில் மட்டைக்கென்று தரும் சின்னப் போத்தலில் இருப்பது பொதுவாகப் பச்சை எண்ணெய். அது காய நாட்கணக்கு, சில நேரம் வாரக்கணக்கு ஆகும். மட்டைக்கு அது சரி, கிற்றாருக்குச் சரியில்லை. ஹார்ட்வெயார் கடைகளில் 'பொயில்ட் லின்சீட்' (லின்சீட் என்றால் ஆளிவிதை) என்று விற்பது வேறு. காய்ச்சியது என்று பெயர் இருந்தாலும் உண்மையில் உலோக உப்புக்கள் சேர்த்து வேகமாகக் காய வைத்தது. ஒரு நாளில் தொடலாம். மலிவு, பூசுவது சுலபம், மரத்தின் நிறத்தை ஆழமாக்கும். குறைகளும் உண்டு: நாள் போகப் போக மஞ்சளாகி இருளும், தண்ணீரைப் பெரிதாகத் தடுக்காது. நம் காலநிலைக்கு இன்னொரு குறை முக்கியம். ஆளிவிதை எண்ணெய் பூஞ்சணத்துக்கு உணவு. ஜூன் மாத ஈரத்தில் பெட்டிக்குள் பூட்டி வைத்த கிற்றாரைத் திறந்தால் வெள்ளை படர்ந்திருப்பதைக் காணலாம். பச்சை எண்ணெயில் இது அதிகம், காய்ச்சியதில் குறைவு, ஆனால் இல்லையென்று சொல்ல முடியாது.

டங் எண்ணெய் சீனாவில் வளரும் ஒரு மரத்தின் விதையிலிருந்து வருவது. ஆளிவிதை எண்ணெயைவிடத் தண்ணீரை நன்றாகத் தாங்கும், மஞ்சளாவது குறைவு, பூஞ்சணமும் அவ்வளவாக ஏறாது. விலை கூட. சுத்தமான டங் எண்ணெயின் முதல் பூச்சுக்களைப் பாதிக்குப் பாதி டேர்பன்டைன் கலந்து பூச வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு மூன்று நாள் விட வேண்டும். முழுதாகக் காய மாதம் ஆகலாம். அவசரப்பட்டால் மேலே சுருங்கி வெள்ளையாகி நிற்கும். போத்தலில் 'டங் ஒயில் ஃபினிஷ்' என்று எழுதியிருந்தால் கவனியுங்கள், பல நேரங்களில் அதற்குள் இருப்பது மெல்லியதாக்கிய வார்னிஷ்தான். அது கெட்ட பொருளில்லை, ஆனால் நீங்கள் காசு கொடுத்தது வேறொன்றுக்கு.

மூன்றாவது வகை கலப்பு. டேனிஷ் ஒயில் என்ற பெயரில் வருபவை எல்லாம் எண்ணெய், வார்னிஷ், தின்னர் மூன்றும் கலந்தவை; எந்த அளவில் என்பது ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு மாதிரி. அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டைகளுக்காக விற்கப்படும் ட்ரூ-ஒயில் கிற்றார் செய்பவர்களிடையே பிரபலம். வேகமாகக் காயும், அடுக்கடுக்காகப் பூசினால் மினுக்கமான படலமே வந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி ஒரு சின்னப் போத்தல் எடுத்தால் ஒரு பேஸுக்கு மிஞ்சும். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். காய்ச்சிய லின்சீட் அல்லது டங் ஒரு பங்கு, எண்ணெய் அடிப்படையிலான பொலியூரித்தேன் வார்னிஷ் ஒரு பங்கு, டேர்பன்டைன் ஒரு பங்கு. பழைய சோனகத் தெருப் பக்கம் ஒரு காலை நடந்தால் மூன்றும் கைக்கு வந்துவிடும். எண்ணெய் நிறத்தைத் தருகிறது, வார்னிஷ் காய்ந்தபின் கடினத்தைத் தருகிறது, டேர்பன்டைன் இரண்டையும் உள்ளே இழுத்துச் செல்கிறது.

பலா உடலுக்கு நான் சொல்வது இந்தக் கலப்பைத்தான். காரணம் பலாவின் பெரிய துளைகள். தஞ்சாவூர் வீணையும் மிருதங்கமும் இந்த மரத்தில்தான் கடையப்படுகின்றன. புதிதாக அறுத்தபோது மஞ்சளாக இருந்து, வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாகும் மரம் இது. மேற்பரப்பு எவ்வளவு தேய்த்தாலும் குண்டூசி குத்தியது போல் துளைகள் தெரியும். முதல் பூச்சைத் தாராளமாக ஊற்றி, கால் மணிநேரம் ஈரமாகவே வைத்து, மிஞ்சியதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். மறுநாள் இரண்டாவது பூச்சை ஊற்றி, அது ஈரமாக இருக்கும்போதே, நனைத்துத் தேய்க்கக்கூடிய 400 தண்ணீர்த் தாளால் தேய்க்க வேண்டும். பஞ்சிகாவத்தையில் கார் பெயின்ட் சாமான் விற்கும் கடைகளில் அந்தத் தாள் கிடைக்கும். மரத்தூளும் எண்ணெயும் குழைந்து களிம்பாகி அந்தத் துளைகளுக்குள்ளே போய் அடைபடும். மரத்தின் நிறத்திலேயே மரத்தை நிரப்புவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. நாருக்குக் குறுக்காகத் துடைத்தால் களிம்பு துளையை விட்டு வெளியே வராது.

அதன்பின் நாளுக்கு ஒன்றாக மூன்று நான்கு மெல்லிய பூச்சு. 'மெல்லிய' என்பதை மனதில் நிறுத்துங்கள். பூசியதைவிடத் துடைத்தது கூடுதலாக இருக்க வேண்டும். பலாவின் துளைகளிலிருந்து அரை மணிநேரம் கழித்தும் எண்ணெய் கசிந்து துளித்துளியாக நிற்கும். திரும்பிப் போய்த் துடைக்காவிட்டால் அவை காய்ந்து பிசுபிசுத்த புள்ளிகளாகிவிடும். அப்படி ஒட்டுகிற இடத்தை டேர்பன்டைன் தொட்டுத் துடைத்தெடுக்கலாம்.

தேக்கு உடல் என்றால் கதை வேறு. தேக்கிலேயே இயற்கையான எண்ணெய்ப்பசை உண்டு, அது நீங்கள் பூசும் எண்ணெயைக் காயவிடாமல் தடுக்கும். பூசுவதற்குச் சற்று முன் தின்னரால் துடைத்துவிடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து ஒரு மெல்லிய பூச்சுக் கொடுங்கள். அரக்கு கிட்டத்தட்ட எதிலும் ஒட்டும், அதன்மேலும் கிட்டத்தட்ட எதுவும் ஒட்டும்.

எண்ணெய் வேண்டாம் என்பவர்களுக்கு

சீலரும் லாக்கரும்தான் கொழும்பில் மிகச் சுலபமாகக் கிடைக்கும் வழி. எந்தத் தளபாடப் பட்டறையிலும் அடித்துத் தருவார்கள், ஒரு நாள் வேலை. பழைய ஃபென்டர், கிப்சன் கிற்றார்களில் இருந்த நைட்ரோசெலுலோஸும் தளபாடத்துக்கு அடிக்கும் என்சி லாக்கரும் ஒரே குடும்பம். கீறல் விழுந்தால் மேலே அடிக்கும் புதிய லாக்கர் பழையதைக் கரைத்துச் சேர்ந்துகொள்ளும், திருத்துவது சுலபம். ஆனால் ஈரக் காற்றில் அடித்தால் வெண்புகை படர்ந்தது போல் ஆகிவிடும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் வருவது இது. ஒக்டோபர், நவம்பர் மாலை மழையில் அடிக்கச் சொல்லாதீர்கள். வெயில் ஏறிய காலை நேரம் பார்த்துக் கொடுங்கள். இன்னொன்று, ரப்பர் பட்டை வைத்த கிற்றார் ஸ்டாண்டில் நாட்கணக்கில் சாய்த்து வைத்தால் அந்த இடத்தில் லாக்கர் இளகி ஒட்டிக்கொள்ளும்.

கார் டிங்கரிங் கடையில் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் 2கே கிளியர் என்ற நிறமற்ற பூச்சு இவற்றில் மிகக் கடினமானது. வியர்வை, சாராயம், பெல்ட் கொக்கி எதற்கும் அசையாது. ஆனால் அடிபட்டு ஒரு சில்லுக் கழன்றால் அங்கேயே ஒட்டுப்போட முடியாது, கண்ணுக்குத் தெரியும். அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, சுவாசத்தில் போனால் ஆஸ்துமாவே வரலாம். வீட்டில் சாதாரண முகமூடியோடு அடிக்கிற பொருள் இல்லை. பலா ரேகை தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டுச் செய்வித்த உடலுக்கு இதை அடிப்பது எனக்கு மனதுக்கு ஒவ்வாது. ஒரே நிறத்தில் பளபளக்க வேண்டும் என்றால், அல்லது மரத்தில் முடிச்சும் ஒட்டுமாக அடையாளங்கள் அதிகம் என்றால், இதுதான் சரி.

அரக்கு மட்டும் போட்டு பொலிஷ் செய்வது பார்க்க மிக அழகு. வியர்வையும் சிந்திய பியரும் அதைக் கெடுத்துவிடும். பைலா மேடைக்கு ஆகாது. தேன்மெழுகு மட்டும் போதும் என்பவர்களும் உண்டு. ஜெர்மனியின் வார்விக் பேஸ்கள் மெழுகு பூசிய மரத்துக்குப் பேர்போனவை. ஆனால் அங்கே பாவிக்கும் மரங்கள் பல தாமாகவே அடர்த்தியும் எண்ணெய்ப்பசையும் கொண்டவை. நம் பலாவிலும் மகோகனியிலும் வெறும் மெழுகு சில வாரங்களில் கையோடு போய்விடும்.

எந்தப் பூச்சில் ஓசை நன்றாக வரும் என்று கேட்பார்கள். திட உடல் கொண்ட மின்சார பேஸில் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பும் கம்பியும் விரலும் சேர்ந்து செய்வதற்கு முன்னால் பூச்சின் பங்கு மிகச் சிறிது. அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

நெக் தனி வழக்கு

உடல் சற்றுப் பெருத்தாலும் சுருங்கினாலும் கம்பிக்கு ஒன்றும் ஆகாது. நெக் அப்படியல்ல. நான்கு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. கொழும்பின் ஈரக் காற்று 80 வீதத்தில் நிற்கும்போது மரம் தன் எடையில் ஏறத்தாழ 16 வீதம் ஈரத்தை வைத்துக்கொள்ளும். 50 வீதத்தில் ஓடும் ஏசி அறையில் நீண்ட நாள் இருந்தால் அது 9 வீதம் அளவுக்கு இறங்கும். நெக்கும் ஃபிங்கர்போர்டும் வேறு வேறு மரம் என்பதால் ஒரே அளவில் பெருத்துச் சுருங்காது, ஆகவே வளைகிறது. நேற்று நன்றாக இருந்த பேஸ் இன்று மண்டபத்தில் கம்பி அடித்துக்கொண்டு நிற்பது இதனால்தான்.

எண்ணெய் இந்த ஈரப் போக்குவரத்தைத் தடுக்குமா? மிகக் குறைவாகத்தான். அமெரிக்க வன உற்பத்தி ஆய்வகம் பல்வேறு பூச்சுக்களை இதற்காகவே சோதித்திருக்கிறது. உருக்கிய மெழுகில் தோய்ப்பதும் இரண்டு பாகம் கலந்து இறுகும் எபொக்சியும் மேலே, ஆளிவிதை எண்ணெயும் டங் எண்ணெயும் அடிவரிசையில். எந்தப் பூச்சும் முழுதாகத் தடுக்காது, ஆனால் படலம் கட்டும் பூச்சு வேகத்தைக் குறைக்கும். ஒரு இரவுக் கச்சேரிக்கு அந்த வேகக் குறைப்பே போதும்.

தொழிலில் இருப்பவர்களும் இதில் ஒத்துப்போகவில்லை. நெக்குகளைத் தனியாக விற்கும் அமெரிக்காவின் வார்மத் நிறுவனம், மேப்பிள், மகோகனி போன்ற மரங்களில் செய்த நெக்குக்குக் கெட்டியான பூச்சுக் கட்டாயம் என்கிறது. எண்ணெய் மட்டும் பூசினால் உத்தரவாதம் செல்லாது. எர்னி போல் மியூசிக் மேனோ தன் பேஸ் நெக்குகளுக்குத் துப்பாக்கிக் கட்டை எண்ணெயும் மெழுகும் பூசியே விற்றுவந்திருக்கிறது. ஆனால் அவர்களுடைய நெக்கில் ட்ரஸ் ரொட்டை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் உலோகக் கம்பியை) திருப்பும் சக்கரம் வெளியே தெரிகிறது, கம்பியைக் கழற்றாமலே திருப்பலாம். பட்டறை நெக்கில் ட்ரஸ் ரொட் ஒழுங்காக வேலை செய்தாலே பெரிய விஷயம். ஆகவே நான் வார்மத் பக்கம்.

மகோகனி அதிகம் ஆடாத மரம், அது நம் அதிர்ஷ்டம். அதற்கு இரண்டு வழியைத்தான் யோசிக்கலாம். ஒன்று, லாக்கர் அடித்து, காய்ந்தபின் நெக்கின் பின்புறத்தை மட்டும் கார் பெயின்ட்காரர் பாவிக்கும் சாம்பல் நிறத் தேய்ப்புப் பஞ்சால் மங்கலாக்குவது. எண்ணெய் பூசிய நெக்கில் போலவே கை வழுக்கிப் போகும், ஒட்டாது. மற்றது, ட்ரூ-ஒயிலையோ டேர்பன்டைனில் இளக்கிய பொலியூரித்தேன் வார்னிஷையோ எட்டுப் பத்து மெல்லிய அடுக்காகத் துணியால் ஏற்றிப் படலம் கட்டுவது. வீட்டிலேயே செய்யலாம், ஸ்பிரே வேண்டாம். மருமகனுக்கு நான் சொன்னது இந்த இரண்டாவது. மழைக்காலத்தில் லாக்கர் அடிக்கப் பட்டறைக்கு அலைய வேண்டியதில்லை என்பதும் ஒரு காரணம். எதைச் செய்தாலும் தலைப்பகுதியின் வெட்டுமுகத்துக்கு இரண்டு பூச்சு கூடுதலாகக் கொடுங்கள். ஈரம் அதிகம் போய்வருவது அதன் வழியாகத்தான்.

தேய்ப்புக்கு இரும்புக் கம்பளி பாவிக்க வேண்டாம். அதன் துகள்கள் பிக்கப் காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் எடுக்கவே முடியாது.

ஃபிங்கர்போர்ட் கருங்காலி என்றால் பூச்சு வேண்டாம். வருடத்தில் ஓரிரு தடவை, கம்பி மாற்றும்போது, சில துளி மினரல் எண்ணெய் தடவி உடனே துடைத்தால் போதும். 'லெமன் ஒயில்' என்று விற்பதும் பெரும்பாலும் மணம் சேர்த்த மினரல் எண்ணெய்தான். இங்கே லின்சீட் பூசாதீர்கள், ஃப்ரெட் (உலோகக் கீற்று) ஓரங்களில் பசையாகத் தங்கும். ஃப்ரெட் இல்லாத பேஸ் என்றால் யோசிக்க வேண்டும். ஜாகோ பாஸ்டோரியஸ் ஃப்ரெட்டுகளை எடுத்த தன் 1962 ஜாஸ் பேஸின் ஃபிங்கர்போர்டுக்குப் படகுகளுக்கான எபொக்சிதான் பூசியிருந்தார். உருண்டை இழை சுற்றிய முறுக்குக் கம்பி மரத்தைத் தின்றுவிடும் என்பதால். அவருடையது ரோஸ்வுட். கருங்காலி அதைவிடக் கடினம். தட்டை இழை சுற்றிய கம்பி போட்டால் எபொக்சி இல்லாமலே பல வருடம் போகும்.

துணிகளும் காலமும்

லின்சீட் அல்லது டங் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடைக்குள் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிவரும். சுருண்ட துணிக்குள் அது வெளியேற வழியில்லாமல் சேர்ந்து தானாகத் தீப்பிடிக்கும். 1991 பெப்ரவரியில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் 38 மாடிக் கட்டடமான வன் மெரிடியன் பிளாசாவில் எரிந்த தீ, வேலையாட்கள் விட்டுப்போன லின்சீட் துணிக் குவியலிலிருந்து தொடங்கியது. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். துணியை விரித்துக் கொடியில் ஒற்றையாகக் காயப்போடுங்கள், விறைத்துப் போனபின் எறியலாம். இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகர டின்னுக்குள் போடுங்கள்.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜனவரி, பெப்ரவரி எதற்கும் நல்லது. தென்மேல் பருவமழைக் காலத்திலும் எண்ணெய் பூசலாம், அறையில் மின்விசிறி ஓடவிட்டு, இரண்டு பூச்சுக்கு இடையில் ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாள் விட்டால் சரி. கடைசிப் பூச்சுக்குப் பின் கம்பி போட இரண்டு வாரமாவது பொறுங்கள். மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் எண்ணெய் மணம் இன்னும் அடிக்கிறதா என்று பாருங்கள், அடித்தால் உள்ளே காயவில்லை. அந்த இடைவெளியில் பிக்கப் குழிகளுக்குச் செப்புத் தாள் ஒட்டி, வயர் வேலையை முடித்துவிடலாம். மண்டபங்களில் டியூப் லைட் பக்கம் நின்றால் வரும் இரைச்சல் ஓரளவு குறையும். கம்பி போட்டபின் முதல் இரண்டு வாரமும் நெக்கின் வளைவை அவ்வப்போது பார்த்து, ட்ரஸ் ரொட்டைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாமல் சரிசெய்யுங்கள்.